மாக்ரிஹானிஷில் ஒரு ரவுண்டு: அட்லாண்டிக் காற்றை எண்ணித் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடலுக்குள் வால்போல நீண்டு இறங்கும் நிலம் கின்டையர் தீபகற்பம். அதன் தென்முனைக்குச் சற்று முன்னால், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி கிடக்கும் மணல்மேடுகளில் மாக்ரிஹானிஷ் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கிளப் 1876இல் தொடங்கியது. 1879இல் அக்காலத்தின் பேர்பெற்ற ஆட்டக்காரரும் மைதான வடிவமைப்பாளருமான ஓல்ட் டாம் மோரிஸ் வந்து பார்த்து 18 குழிகளாக விரித்துக் கொடுத்தார். கிளாஸ்கோவிலிருந்து நேர்கோட்டில் 65 மைல்தான். சாலை வழியே போனால் அது இரண்டு மடங்கைத் தாண்டும்.

இங்கே ஆட வருபவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை முதல் டீயில் (ஒரு குழியின் தொடக்க அடி அடிக்கும் இடத்தில்) நிற்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன: பயண நாளில், பையில், "என் ஹேண்டிகேப்புக்கு இத்தனை அடிக்க வேண்டும்" என்ற மனக்கணக்கில் (ஹேண்டிகேப் என்பது திறனுக்கேற்பத் தரப்படும் சலுகை அடிகளின் எண்ணிக்கை). அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, ஆட்டத்துக்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

1. மாதமும் நேரமும்

மே நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை முதல் தேர்வு. மேற்கு ஸ்காட்லாந்தில் வசந்தத்தின் பிற்பகுதிதான் ஒப்பீட்டளவில் காய்ந்த, வெயில் நிறைந்த காலம். புல் அடர்ந்து வளர்ந்திருக்காது, தரை கெட்டியாக இருக்கும், மணல்மேட்டு ரஃபில் (வெட்டாத நீண்ட புல்லில்) பந்தைத் தேடினால் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் ரஃப் தடித்துவிடும். செப்டம்பரில் கூட்டம் குறையும், ஆனால் அட்லாண்டிக் புயல்கள் வரிசையாக வரத் தொடங்கும் காலமும் அதுதான்.

ஜூன் கடைசியில் இங்கே இரவு 10 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். மாலை 5 மணிக்கு முதல் அடியை அடித்தாலும் 18 குழிகளை நிதானமாக முடிக்கலாம். டிசம்பரில் பகல் வெளிச்சமே ஏழு மணி நேரம்தான். அடியில் மணல் என்பதால் தண்ணீர் தேங்காது, குளிர்காலத்திலும் ஆடலாம். ஆனால் காலை டீ நேரத்தை (ஆட்டம் தொடங்கப் பதிவு செய்த நேரத்தை) தவறவிட்டால் அன்றைய ரவுண்டு போய்விட்டது என்று பொருள்.

நாளின் எந்த வேளை? வானிலை அமைதியான கோடை நாட்களில் நிலம் சூடேற ஏறக் கடற்காற்று எழும். மதியம் தாண்டிய நேரத்தில் அது உச்சம் தொடும், மாலையில் தணியும். ஆக காலை 8 மணி அல்லது மாலை 5 மணி. புயல் அமைப்பு ஒன்று கடந்துபோகும் நாளில் இந்தக் கணக்கு செல்லாது; அன்று மணிவாரி முன்னறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

2. போய்ச் சேர்வது

கார்: கிளாஸ்கோவிலிருந்து ஏ82 பிடித்து லாக் லோமண்ட் ஏரிக்கரையோடு டார்பெட் வரை, அங்கிருந்து ஏ83இல் இன்வரேரி, லாக்கில்ப்ஹெட், டார்பர்ட் வழியாகக் கேம்பல்டவுன். அங்கிருந்து பி843 சாலையில் மாக்ரிஹானிஷ் ஐந்து மைல் சொச்சம். சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் ஏ83 நெடுக ஒவ்வொரு திசைக்கும் ஒரு தடம்தான். மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்திச் செல்ல இடம் கிடைக்க வெகுநேரம் ஆகும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஏ83இல் ஆரோகர் கிராமத்துக்கு மேலே உள்ள 'ரெஸ்ட் அண்ட் பி தாங்க்ஃபுல்' கணவாய். கனமழைக்கு அங்கே மலைச்சரிவு சாலையில் இறங்கும். அப்போது வண்டிகளைப் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பழைய ராணுவச் சாலையில் தொடராக அனுப்புவார்கள், அல்லது முழுவதும் மூடிவிடுவார்கள். மூடினால் சுற்றுவழி மணிக்கணக்கில் நீளும். ஆகவே ஆட்டம் நடக்கும் அதே நாளில் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பாதீர்கள். முந்தைய இரவே கேம்பல்டவுனிலோ மாக்ரிஹானிஷ் கிராமத்திலோ தங்கிவிடுங்கள். கிளம்புமுன் ஸ்காட்லாந்து போக்குவரத்துத் தளத்தில் ஏ83 நிலவரத்தைப் பாருங்கள். பெட்ரோலை லாக்கில்ப்ஹெட்டில் நிரப்பிக்கொள்வது நல்லது.

விமானம்: லோகன்ஏரின் சிறு விமானம் கிளாஸ்கோவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கேம்பல்டவுனில் இறக்கிவிடும். 19 இருக்கை கொண்ட ட்வின் ஆட்டர். இறங்கும் ஓடுபாதையோ 3 கிலோமீட்டர் நீளம். பனிப்போர்க் காலத்து விமானப்படைத் தளத்தின் எச்சம். பாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் விமானத்தின் சாமான் அறை சிறியதுதான். கோல்ஃப் பை ஏறுமா, எத்தனை பை ஏறும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். நான்கு பேர் நான்கு பெரிய பயணப் பைகளோடு போய் நின்றால் இரண்டு பை பின்தங்கும். பேருந்தில் போக விரும்பினால் கிளாஸ்கோ புக்கானன் நிலையத்திலிருந்து 926 எண் பேருந்து உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

3. பதிவு செய்வது

மைதானத்துக்கு ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் ஒதுக்குங்கள். காற்றோடு ஆடும் விளையாட்டில் ஒரே ஒரு டீ நேரத்தை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் வருவது புத்திசாலித்தனம் அல்ல. முதல் நாள் மாலை ஒரு ரவுண்டு, மறுநாள் காலை இன்னொன்று என்று வைத்தால் ஏதோ ஒன்றில் சகிக்கக்கூடிய காற்று கிடைக்கும். இரண்டிலும் ஒரே காற்று வீசினாலும் பரவாயில்லை. முதல் ரவுண்டில் கற்றது இரண்டாவதில் பயன்படும்.

வார இறுதியில் உறுப்பினர் போட்டிகள் நடக்கலாம் என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை தேடுங்கள். ஹேண்டிகேப் சான்றைக் கைபேசியில் வைத்திருங்கள். டீயைத் தேர்ந்தெடுக்கும்போது கர்வம் வேண்டாம். உங்கள் ஊரில் 6,400 கஜம் ஆடுபவர் இங்கே 6,000 கஜத்துக்குக் கீழே உள்ள டீயிலிருந்து தொடங்கலாம். சென்னையின் 32 டிகிரி வெப்பத்தில் டிரைவர் (மிக நீளமாக அடிக்கும் குச்சி) எவ்வளவு போகிறது என்ற கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். 13 டிகிரி காற்று அடர்த்தி கூடியது. காற்றே வீசாத நாளிலும் அதே அடி சில கஜம் குறைந்துதான் விழும்.

கூடுதல் நாள் இருந்தால் பக்கத்திலேயே வேறு இரண்டு மைதானங்கள் உண்டு. மணல்மேட்டின் வடபகுதியில் 2009இல் திறந்த மாக்ரிஹானிஷ் டியூன்ஸ் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி என்பதால் மண்ணை அதிகம் புரட்டாமல் அமைத்தார்கள், புல் மேயச் செம்மறிகள் வரும். தெற்கே சவுத்தெண்டில் டனவெர்ட்டி. 4,800 கஜம்கூட இல்லாத குட்டி மைதானம். மாடுகள் ஏறாதிருக்க கிரீன்களை (குழியும் கொடியும் உள்ள குட்டைப்புல் தளங்களை) சுற்றி மின்கம்பி வேலி போட்டிருப்பார்கள். காற்று உக்கிரமான நாளில் பெரிய மைதானத்தில் வதைபடுவதைவிட டனவெர்ட்டியில் ஆடுவது மேல்.

4. முன்னறிவிப்பை வாசிப்பது

மூன்று எண்களைப் பாருங்கள்: சராசரி வேகம், திடீர் வீச்சின் வேகம், திசை. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சராசரி மணிக்கு 18 மைல், வீச்சு 22 என்றால் சீரான காற்று. கணக்குப் போட்டு ஆடலாம். சராசரி 18, வீச்சு 35 என்றால் கணக்கு எடுபடாது. குச்சியைப் பின்னே தூக்கும்போது ஒரு காற்று, அடிக்கும்போது இன்னொரு காற்று.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அதனால்தான் 10 மைல் காற்றில் சாதாரணமாக ஆடுபவர் 20 மைலில் முற்றிலும் வேறு ஆளாகிவிடுகிறார்.

பிரிட்டிஷ் வானிலைத் துறையின் மணிவாரி முன்னறிவிப்பு போதும். பழைய வழியும் ஒன்று உண்டு: பிபிசி ரேடியோ 4இல் வரும் கப்பல் வானிலை அறிக்கையில் இந்தக் கடற்பகுதி 'மாலின்'. கரையோர நிலையங்களை வாசிக்கும்போது 'மாக்ரிஹானிஷ் ஆட்டோமேடிக்' என்றே ஒரு பெயர் வரும். நீங்கள் ஆடப்போகும் இடத்தில் அளந்த காற்று அது.

5. பையில் என்ன

விதிப்படி 14 குச்சிகள்தான். அவற்றில் 60 டிகிரி வெட்ஜை விட்டுவிட்டு ஒரு ஹைப்ரிட் அல்லது 4 அயர்ன் சேருங்கள் (இரண்டும் நீளமாக அடிக்கும் குச்சிகள்; அயர்னில் எண் குறையக் குறையத் தூரம் கூடும்). உயரத் தூக்கும் குச்சிக்கு இங்கே வேலை குறைவு. மிஞ்சும் வெட்ஜ்களில் அடிப்பகுதி தட்டையாக இருக்கட்டும். 4 முதல் 8 டிகிரி பவுன்ஸ் (குச்சியின் அடிப்பகுதி தரையோடு செய்யும் கோணம்) போதும். தரை கெட்டி, புல் குட்டை. 12 டிகிரி பவுன்ஸ் தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் நடுவில் மோதிக் கிரீனைத் தாண்டி எறியும்.

பந்து ஒரு டஜன். அதிகச் சுழல் தரும் பந்து எதிர்காற்றில் எழும்பி நின்றுவிடும்; சுழல் குறைந்த வகை நல்லது. டீ ஊசிகளில் பாதி குட்டையாக இருக்கட்டும்.

உடை: உடம்போடு ஒட்டிய மெல்லிய அடியாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத சட்டை. மழைச் சட்டை தளர்வாகப் படபடத்தால் ஸ்விங்கின்போது காதருகே சத்தமிட்டுக் கவனத்தைக் கெடுக்கும். கையில் பட்டி வைத்து இறுக்கும் வகை வாங்குங்கள். 10 டிகிரியில் 25 மைல் காற்று வீசினால் தோலுக்கு 6 டிகிரி போலிருக்கும். தொப்பி, காதை மூடும் கம்பளித் தொப்பியாக இருக்கட்டும். முன்னால் நீட்டிய தொப்பி பறந்துவிடும். மழைக் கையுறை ஒரு ஜோடி கட்டாயம். சாதாரணத் தோல் கையுறை நனைந்தால் வழுக்கும், மழைக் கையுறையோ நனைய நனையப் பிடிக்கும். காலுறை இரண்டு ஜோடி. சிறு துண்டு ஒன்றை ஜிப் பைக்குள் காய்ந்தபடி வையுங்கள். குடையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

கண்ணாடி அணிவது வெயிலுக்காக மட்டுமல்ல. பங்கரில் (மணல் பள்ளத்தில்) நிற்கும்போது காற்று மணலை முகத்தில் வாரி இறைக்கும்.

தள்ளுவண்டியா தோளில் தூக்கும் பையா? 25 மைலுக்கு மேல் காற்றிருந்தால் மெல்லிய பையைத் தோளில் தூக்குங்கள். கால் விரியும் பை காற்றில் சாயும், கிராஃபைட் தண்டு ஒன்றோடொன்று மோதும். நிற்க வைக்காமல் தரையில் கிடத்திவிடுங்கள். தள்ளுவண்டியென்றால் காற்றுக்குக் குறுக்கே அல்ல, காற்றின் திசையில் நீளமாக நிறுத்தி பிரேக் போடுங்கள்.

மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சி மேற்கு ஸ்காட்லாந்தில் பெயர்பெற்றது. மணிக்கு 7 மைல் காற்று இருந்தாலே அது பறக்காது. மைதானத்தில் உங்களைக் காப்பாற்றும் காற்று, வழியில் ஏரிக்கரையில் இறங்கிப் படமெடுக்கும்போது இருக்காது.

6. தூரக் கணக்கு

வாய்பாடு எளிது. எதிர்காற்றின் வேகத்தில் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் தூரத்தில் 1 சதவீதம் கூட்டுங்கள். பின்காற்றுக்கு ஒவ்வொரு மைலுக்கும் அரை சதவீதம் கழியுங்கள்.

கொடிக்கு 150 கஜம், எதிரே 20 மைல் காற்று: 150இல் 20 சதவீதம் 30. ஆக 180 கஜத்துக்கான குச்சி. அதே 20 மைல் பின்னாலிருந்து வந்தால் 10 சதவீதம்தான், அதாவது 15 கஜம்; 135க்கான குச்சி. எதிர்காற்று எடுப்பதைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை.

காரணம் பந்தின் பின்சுழல். சுழலும் பந்து காற்றைக் கிழித்துப் போகும்போது அதற்கு ஒரு தூக்குவிசை கிடைக்கிறது. எதிர்காற்றில் பந்தை உரசும் காற்றின் வேகம் கூடுவதால் தூக்கலும் இழுவையும் சேர்ந்து கூடும்; பந்து ஏறி, நின்று, செங்குத்தாக இறங்கும். பின்காற்றில் இழுவை குறையும், ஆனால் தூக்கலும் குறைவதால் பந்து சீக்கிரமே இறங்கிவிடும். இறங்கியபின் நிற்காமல் ஓடும் என்பது வேறு விஷயம்.

குறுக்குக்காற்று 20 மைலென்றால் 150 கஜ அடி பக்கவாட்டில் கணிசமாக நகரும். 

காற்றை எங்கே அளப்பது? காலடியில் புல்லைப் பிய்த்துத் தூவுவது பாதி உண்மையைத்தான் சொல்லும். மணல்மேட்டுக்கு நடுவே தாழ்ந்த டீயில் நிற்கும்போது புல் நேராக விழும். பந்தோ 25, 30 கஜம் உயரம் எழும்பியதும் முழுக் காற்றையும் வாங்கும். கொடி எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது, மேட்டு உச்சியில் மாரம் புல் எப்படிச் சாய்கிறது, மேகத்தின் நிழல் எத்திசையில் ஓடுகிறது, இந்த மூன்றையும் பாருங்கள். மரங்களை நம்பலாமே என்றால், பார்க்க மரமே இல்லை.

7. தாழ்ந்த அடி: பயணத்துக்கு முன்பே பழக வேண்டியது

இந்த ஒரு அடி கையில் இருந்தால் ரவுண்டைச் சமாளிக்கலாம். ஊரிலேயே இரண்டு வாரம், நாளுக்கு 30 பந்து பழகுங்கள்.

- 8 அயர்ன் தூரத்துக்கு 6 அயர்னை எடுங்கள்.
- பிடியில் ஒரு அங்குலம் கீழே இறங்கிப் பிடியுங்கள்.
- கால்களை வழக்கத்தைவிடச் சற்று அகட்டி, எடையில் அறுபது சதவீதம் முன்காலில் வையுங்கள்.
- பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்து அளவு மட்டும் பின்னே தள்ளுங்கள்.
- கை தோள் உயரம் வரை போனால் போதும். அடித்தபின் கை மார்பு உயரத்தில் நிற்கட்டும்.
- வேகம் முக்கால்.

எங்கே தவறும்? முதலாவது, எதிர்காற்றைக் கண்டதும் பலமாக அடிப்பது. பலம் கூடினால் சுழல் கூடும், சுழல் கூடினால் பந்து உயரும், உயர்ந்தால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாவது, பந்தைப் பின்காலுக்கே கொண்டுபோய்விடுவது. அப்போது குச்சி செங்குத்தாக இறங்கி, தாழ்வாகக் கிளம்பினாலும் சுழல் அதிகமாகி, நூறு கஜம் போனபின் எழும்பும். பந்து தாழ்வாகக் கிளம்புவது மட்டும் போதாது. சுழலும் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தருவது மெதுவான ஸ்விங்.

குறுக்குக்காற்றில் எதிர்வளைவு கொடுத்து நேராகப் பிடிப்பது தேர்ந்தவர்கள் வேலை. மற்றவர்கள் காற்று வரும் பக்கம் குறிவைத்து, பந்தைக் காற்றின் மேல் விட்டுவிடுவதே சரி. ஒரே கண்டிஷன்: குறி வைத்தபின் அதை நம்ப வேண்டும். கடைசி நொடியில் கொடியைப் பார்த்துக் கை திரும்பினால், அது இரண்டு தவறாக முடியும்.

8. முதல் டீ

உலகின் பேர்பெற்ற தொடக்கக் குழிகளில் ஒன்று. பெயர் 'பேட்டரி'. 430 கஜத்தை ஒட்டிய பார்-4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. டீக்கும் ஃபேர்வேக்கும் (கிரீன் நோக்கிய வெட்டிய புல்பாதைக்கும்) இடையே, இடப்பக்கம் முழுவதும் கடற்கரை. எவ்வளவு இடதாகக் குறிவைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் மணலையும் அலையையும் தாண்டியாக வேண்டும். தாண்டினால் இரண்டாவது அடி சிறியதாகும். கரையில் நடப்பவர்களுக்கு, மேலே முதல் டீ இருக்கிறது, தள்ளிப் போங்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

காற்று கடலிலிருந்து வந்தால் பந்தை உள்ளே தள்ளும். இடப்பக்கக் குறியில் ஆபத்து குறையும். நிலத்திலிருந்து வந்தால் ஃபேர்வேயில் இருக்க வேண்டிய பந்தும் கரைக்கு நகரும். அன்று வலப்பக்கம் தாராளமாக விட்டு அடியுங்கள். அடிக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் டிரைவர் சாதாரணமாகக் காற்றில் பறக்கும் தூரம் எவ்வளவு? உருள்வதையெல்லாம் சேர்த்த தூரம் இங்கே உதவாது. 180 கஜம் பறக்கும் ஆள் 200 கஜக் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் நல்ல அடியும் மணலில்தான் விழும்.

கரையில் விழுந்த பந்தை எப்படி ஆடுவது என்பது அன்றைய உள்ளூர் விதியில் இருக்கும். மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தை டீக்கு வருமுன் படித்துவிடுங்கள். சந்தேகமென்றால் 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொன்று அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், தண்டனையோடு.

9. போகும் பாதி, திரும்பும் பாதி

கிராமம் வளைகுடாவின் தென்கோடியில். முன் ஒன்பது குழிகள் மணல்மேடுகளினூடே வடக்கே போகும். பின் ஒன்பது சற்று உள்தள்ளித் திரும்பும். வழக்கமான காற்று தென்மேற்கு. ஆக, பெரும்பாலான நாட்களில் போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில்.

இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஒன்பதாவது குழி வரை குதூகலமாக வந்து, 10ஆவதிலிருந்து நொறுங்குவார்கள். முதல் பாதியில் கிடைக்கும் புள்ளிகளைச் சேமிப்பாக எண்ணுங்கள். திரும்பும்போது 400 கஜத்துக்கு மேற்பட்ட எந்தப் பார்-4ஐயும் மனதுக்குள் பார்-5 ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு உண்மையான பார்-5களும் (10, 12) அங்கேதான் வருகின்றன.

பின்காற்றில் கிரீனை நேராகத் தாக்காதீர்கள். கிரீனுக்கு 15, 20 கஜம் முன்னால் பந்தை இறக்கி உருளவிடுங்கள். தரை மேடுபள்ளமாக இருப்பதால் சில பந்து பக்கவாட்டில் ஓடும். அது பரவாயில்லை, பின்னால் போய் மாரம் புல்லில் மறைவதைவிட மேல்.

நான்காவது குழி 'ஜூரா', அட்டையில் 123 கஜம். எதிரே வானம் தெளிந்திருந்தால் ஜூரா தீவின் கூம்பு மலைகள் தெரியும். தூரத்தைப் பார்த்து வெட்ஜை உருவும் கை, காற்றைப் பார்த்தபின் 6 அயர்னுக்கும் போகலாம், பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் குச்சியை) எடுத்துத் தட்டி உருட்டவும் செய்யலாம். மூன்றுமே சரியான விடையாக இருக்கும் நாட்கள் உண்டு.

15உம் 16உம் அடுத்தடுத்து பார்-3. பதினாறாவது 230 கஜத்தைத் தொடும். 20 மைல் எதிர்காற்றில் வாய்பாட்டின்படி அது 276 கஜம். பெரும்பாலான அமெச்சூர்களுக்கு அது ஒரே அடியில் எட்டாது. எட்டாது என்று ஒப்புக்கொண்டால் வேலை சுலபம்: ஹைப்ரிடால் தாழ்வாக 170 கஜம், அங்கிருந்து உருட்டி மேலேற்றல், இரண்டு பட்டு (குழிக்கு உருட்டும் அடி). நான்கு. ஒப்புக்கொள்ளாமல் டிரைவரை முறுக்கியவர்கள் ஆறு எழுதுவார்கள்.

ரஃபில் சிக்கினால்: நீண்ட புல் குச்சியின் கழுத்தைச் சுற்றி முகத்தை மூடிவிடும். முகத்தைச் சற்றுத் திறந்து, இறுக்கிப் பிடித்து, ஃபேர்வேக்கு மிக அருகான வழியில் வெளியேற்றுங்கள். பந்து தேட மூன்று நிமிடம்தான். பங்கர் ஆழமானால் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியே வாருங்கள். அதுவும் முடியாதென்றால் 'அன்பிளேயபிள்' (ஆட முடியாத பந்து) என அறிவித்து இரண்டு அடி தண்டனையில் பங்கருக்கு வெளியே போடலாம். 2019இல் வந்த இந்த வசதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

10. கிரீனில்

கடலோர கிரீன்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக வைத்திருப்பார்கள். அதிவேகமாக வெட்டினால் நின்ற பந்தே காற்றில் நகரத் தொடங்கும். 2015 ஓபன் கோல்ஃப் போட்டி செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்தபோது சனிக்கிழமை இதுதான் நடந்தது: கிரீனில் பந்து நிற்கவில்லை, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது, போட்டி திங்கள்வரை போனது.

உங்களுக்குப் பயன்படும் விதி இது. கிரீனில் பந்தை ஒருமுறை குறியிட்டு எடுத்து மீண்டும் வைத்துவிட்டால், அதன்பின் காற்று நகர்த்தினாலும் பழைய இடத்தில் வைத்து ஆடலாம். எடுக்காமல் விட்டிருந்தால் காற்று தள்ளிய புது இடத்திலிருந்துதான் ஆட வேண்டும், சரிவில் இறங்கி கிரீனை விட்டுப் போயிருந்தாலும். ஆகவே கிரீனுக்கு வந்ததும் முதல் வேலை: குறியிடு, எடு, வை.

பட்டு அடிக்கும்போது காலை அகட்டி, பிடியில் இறங்கி நில்லுங்கள். நான்கு அடி தூரப் பட்டுக்கும் காற்றைக் கணக்கில் எடுங்கள். வீச்சு வரும்போது விலகி நின்று, அது போனதும் அடியுங்கள். கிரீனுக்கு வெளியே பத்து கஜத்தில் இருந்தாலும் புல் குட்டையாக இருந்தால் பட்டரையே எடுங்கள். சுமாரான பட்டு, நல்ல சிப்புக்கு (பந்தைச் சற்றே தூக்கி விடும் சிற்றடிக்கு) சமம்.

11. எப்படி எண்ணுவது

அடிகளைக் கூட்டும் ஆட்டம் இங்கே வேண்டாம். ஸ்டேபிள்ஃபோர்டில் ஆடுங்கள்: ஹேண்டிகேப்பைக் கழித்தபின் பார் வந்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கும் மேல் போனால் 0, பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். ஒரு குழியில் ஒன்பது அடித்தாலும் ரவுண்டு சாகாது. இந்த முறையில் நவீனப் போட்டி முதன்முதலில் நடந்தது 1932இல், லிவர்பூலுக்கு எதிரே காற்றடிக்கும் வாலஸி கடலோர மைதானத்தில். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் அங்கே உறுப்பினர். காற்றில் ஆடுபவர்களின் நிலை தெரிந்த ஆள்.

36 புள்ளி என்பது ஹேண்டிகேப்புக்கு ஆடியதற்குச் சமம். 25 மைல் காற்றில் 28 வந்தாலே சந்தோஷப்படலாம்.

12. எப்போது நிறுத்துவது

25 மைல் வரை எவரும் ஆடலாம். 30இல் புதியவர்களுக்கு ஆட்டம் சலித்துவிடும். வீச்சு 40ஐத் தாண்டினால் பந்து கிரீனில் நிற்காது, டீயில் உடம்பே நிற்காது. ஒன்பது குழியோடு முடித்துக்கொள்ளுங்கள். போகும் பாதியை ஆடி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்புவது ஒரு வழி. திரும்ப வெகுதூரம் காற்றுக்கு எதிரே நடக்க வேண்டியிருக்கும், அதையும் எண்ணி வையுங்கள். நட்பு ஆட்டத்தில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இடி மின்னல் என்றால் பேச்சே இல்லை: மரமில்லாத மணல்மேட்டில் மிக உயரமான பொருள் நீங்கள்தான்.

13. ஆடி முடித்தபின்

குச்சிகளை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். கடல் உப்பு ஒரே இரவில் வெட்ஜின் முகத்தில் துருவேற்றும். குச்சிகளின் தலையுறைகளைக் கழற்றிவிடுங்கள், ஈரம் உள்ளே அடைபடும். காலணிக்குள் செய்தித்தாளை அடைத்தால் காலைக்குள் காயும். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும்.

கேம்பல்டவுன் விஸ்கிக்குப் பேர்போன ஊர். ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா, கிளென்கைல் மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் கார் ஓட்டும் ஆள் தள்ளியே நிற்கட்டும். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ரத்தத்தில் மதுவின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம்தான், இங்கிலாந்தில் 80. முந்தைய இரவு குடித்தது மறுநாள் காலை ஏ83இல் காட்டிக்கொடுக்கும்.

கிளாஸ்கோவில் விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், மூன்றரை மணி நேரப் பயணத்தோடு இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாகச் சேருங்கள். இரவு மழை பெய்திருந்தால் கிளம்புமுன் கணவாயின் நிலவரத்தை இன்னொரு முறை பாருங்கள்.